மறு: மால்ட் – முளைமாவா, நல்லடையா, முளைவற்றலா?

நண்பர்களுக்கு வணக்கம். மால்ட் என்பது முளைக்கவைத்துச் சூட்டில் காயவைத்த தானியம்; அதற்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன், உங்கள் மடல்களுக்கு இது மறுமொழி.

வெள்ளிக்கிழமை காலை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு பக்கம் பழைய பார்லி பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வயல்களில் பரவியிருந்த செவாலியர் வகை பின்னர் மறைந்தது; நார்விச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் அதை மீட்டெடுத்தார்கள். அக்காலத்துப் பீரை வீட்டில் காய்ச்சும் அந்நாட்டவர் இன்று அதன் மால்ட்டைத் தேடி வாங்குகிறார்கள். அந்த மால்ட்டுக்குத்தான் சொல் வேண்டும்.

> முளைமா போதும், கேட்டவுடன் விளங்கும்.

திருப்பத்தூர் அம்மா, விளங்கும். ஆனால் தவறாக விளங்கும். பீர் காய்ச்சும் அவர்கள் வாங்குவது மாவு அல்ல, முழு மணி; காய்ச்சுவதற்குச் சற்று முன்தான் உடைக்கிறார்கள். முளைத்தானியம் என்று மாற்றினாலோ முளைகட்டிய பயறு நினைவுக்கு வரும். பயற்றில் முளை உயிரோடு இருக்கிறது. மால்ட்டில் அதைச் சூடுகாட்டி நிறுத்திவிடுகிறோம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி உருவாகியிருக்க வேண்டும், முளை அந்தச் சத்தைத் தின்றுவிடவும் கூடாது. இந்த நிறுத்தம் சொல்லில் தெரிய வேண்டும்.

> நல்லடை இருக்க வேறு சொல் எதற்கு?

ஆரணி ஐயா, நம் தொண்டை நாட்டு இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையை நீங்கள் எடுத்துக்காட்டியதும் மெய்சிலிர்த்தேன். அதில் கள் ஆக்குபவர்கள் அரிசிக் களித் துழவையை (துழாவிய கூழை) வாயகன்ற பிழாவில் ஆற்றி, முளையை இடித்த நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் விளையவிடுகிறார்கள். உடைத்த மால்ட்டைச் சுடுநீரில் கலக்கும் கூழுக்குத் துழவை என்றே எழுதிவிட்டேன், நன்றி. ஆனால் அடை என்ற சொல்லை நீங்கள் அடைகாத்தல், தேனடை வரை மூன்று மடல்களில் கொண்டுபோன பிறகும், மாணவருக்கு அது தோசைக்கல்லில்தான் இருக்கும். நல்லடை இடித்துக் கலந்த பொருள். எனக்குத் தேவை காய்ந்த மணியின் பெயர்.

குடியாத்தத்தில் அம்மா கேவுரை (கேழ்வரகை) ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, நிழலில் காயவைத்து, வறுத்துத் திருகையில் அரைப்பார். மாவாகும் முன் முறத்தில் கிடந்த அந்தச் சிவந்த மணிதான் என் கண்முன் நிற்கிறது. அதனால் முளைவற்றல்: முளைத்து வற்றியது. வற்றல் எண்ணெயில் பொரிப்பதல்லவா என்றார் ஒருவர். மணத்தக்காளி வற்றலைக் குழம்பிலும் போடுகிறோம். நீர் வற்றிய நிலையைத்தான் அச்சொல் குறிக்கிறது. கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. காயாதது பச்சைமுளை. 1817இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற உருளையில் கருக வறுத்தது கருமுளைவற்றல். போர்ட்டர் பீருக்குக் கருமை தந்தது அதுதான்.

பார்லிக்கு வாற்கோதுமை என்ற சொல்லைக் கேட்பவர்கள் பொறுத்தருள்க. வேலூரில் எந்தக் கடையிலும் பார்லி என்றால்தான் கொடுக்கிறார்கள்.

இதுவரை முளைவற்றலுக்கு ஐவர், நல்லடைக்கு இருவர், மால்ட்டே இருக்கட்டும் என்று ஒருவர். முளைவற்றல் என்றே அனுப்புகிறேன். ஆரணி ஐயாவின் மறுப்பு அடிக்குறிப்பாக வரும். முளையைச் சூட்டில் நிறுத்தும் இடத்துக்குச் சூளை என்று எழுதியிருக்கிறேன். செங்கல் நினைவு வருகிறது என்பவர்கள் வியாழன் மாலைக்குள் வேறு சொல் தாருங்கள்.