சயாமுக்குப் போன தாத்தாவுக்கு எந்தத் திதி?

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் கேக்கோடு ஒரு படமும் கொண்டுவந்தார்கள். வம்ச மரமாம். மனைவி பக்கம் கிளை கிளையாகப் பெயர்கள். என் பக்கம் தாத்தாவின் பெயரோடு நின்றுவிட்டது. பிறந்த தேதியும் இல்லை, இறந்த தேதியும் இல்லை. "தாத்தாவுக்கு எந்தத் திதியில படைக்கிறீங்க, மாமா?" என்று மருமகன் கேட்டான். ஆடி அமாவாசை என்றேன். திதி தெரியாதவர்களுக்கு எல்லாரும் செய்வதுதானே.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது போதாதா? மறுநாளே தகரப் பெட்டியை இறக்கினேன். தாத்தா பெயர் 'சாமி'யில் முடியும். அப்பாவின் சூராட் பெரானாவில் (பிறப்புப் பத்திரம்) அது 'ஐ' எழுத்தில் முடிகிறது, ஐசியில் (அடையாள அட்டை) 'ஒய்'. கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, காதில் விழுந்ததுதான் எழுத்து. ஊர்ப் பெயர் வேறு பத்தாங் பெர்ஜுந்தை என்று இருக்கிறது. 2007-இல் அது பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. இணையத்தில் தேடுகிறவர்கள் இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.

எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனார், திரும்பவில்லை. செத்தார் என்று வந்து சொல்ல ஆளில்லாததால் பாட்டி 1987-இல் கண்மூடும்வரை பொட்டை அழிக்கவில்லை.

பத்திரங்களில் இதற்குமேல் இல்லை. அப்புறம் அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். வயது தொண்ணூறு இருக்கும். தாத்தா இருந்த அதே ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வளர்ந்தவர். தாத்தா போனது எந்த வருஷம் என்று கேட்டேன். "வருசமெல்லாம் எனக்கென்ன தெரியும்ப்பா" என்று வெற்றிலையை மடித்தார். சரி, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மாற்றிக் கேட்டேன்.

"ஆத்தாகூட ரப்பர் பால் புடிக்கிற மங்கு தொடைக்கப் போவேன். ஏழெட்டு வயசு. கோயில்ல ஆடிக்கூழ் ஊத்துன மறுநாள், விடியக்காலம் வேலையாளுங்களுக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுக் களத்துல லோரி வந்து நின்னுச்சு. மூணு மாசம்தான், திரும்பிடலாம்னாங்க. கூழ்ப்பானைகூட யாரும் கழுவல. ரெண்டு நாள் அப்படியே கெடந்து ஈ மொய்ச்சுது."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி கையை நிறுத்திவிட்டாள். "என்னங்க, ஞாபகம் இருக்கா? நான் புதுசா வந்த வருசம் கூழ்ப்பானையக் கழுவிட்டேன்னு உங்க பாட்டி ஒரு நாள் முழுக்க என்கூடப் பேசல." எனக்கும் ஞாபகம் வந்தது. கூழ் ஊற்றிய மறுநாள் பானையைத் தொட பாட்டி யாரையும் விடமாட்டார். அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்பார்.

ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. திருவிழாவில் பார்த்த பாட்டியின் வயதைக் கூட்டிக் கழித்தால் லோரி வந்தது அந்த வருஷத்து ஆடியாகத்தான் இருக்க வேண்டும். இறந்த நாள் கிடைக்கவில்லை, போன நாள் கிடைத்தது. இந்த வருஷம் கூழ் ஊற்றினோம். மறுநாள் மனைவி பானையைக் கழுவவில்லை. எறும்பு ஏறியது.

*

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஐயா, தாத்தா இருந்த தோட்டத்துக்குக் கம்பெனிப் பெயர் தெரியுமா? நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் பழைய கோப்புகளில் கிடைக்காது. எங்களுக்குக் கோயில் மணிதான் காட்டிக்கொடுத்தது. தோட்டம் கைமாறியபோது தாமான் (குடியிருப்புப் பகுதி) கோயிலுக்கு வந்த மணி அது. புளி போட்டுத் துலக்கினோம். விளிம்பில் தோட்டத்துப் பெயர், ஆங்கிலத்தில். எண்பது வயது அப்பா தடவித் தடவிப் படித்தார்.

*

இன்னொரு வாசகர் எழுதுகிறேன். நானும் சயாம் குடும்பம்தான், அம்மாவின் மாமா போனார். அந்த ரயில் பாதை போகும் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால் பெரிய போர்க் கல்லறையில் பெயர் தேடி அலையாதீர்கள். அங்கே 6,900-க்கும் மேல் கல்லறைகள், புல்லெல்லாம் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகளுடையவை. நான் அரை நாள் வெயிலில் வரிசை வரிசையாக நடந்துவிட்டு, கடைசியில் கொண்டுபோன சுருட்டை ஆற்றங்கரையில் வைத்துவிட்டு வந்தேன். மாமாவுக்குச் சுருட்டு பிடிக்குமாம்.