எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே திரும்பு: விமானிகளுக்கு விதிக்கப்படும் அரசியல் தடைகள் பற்றி ஒரு கேள்வி

முருகேஷ்பாளையா வாசி:
பெங்களூரில் எங்கள் வீடு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதைக்குப் பக்கம். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது தேஜஸ் போர் விமானம் தலைக்கு மேல் இடிபோல் முழங்கிக்கொண்டு போகும். அதனாலோ என்னவோ, ஞாயிறு காலை அல்சூர் ஏரிக்கரையில் நடக்கும் எங்கள் குழுவில் பேச்சு எப்போதும் போர் விமானங்களில்தான் போய் நிற்கும்.

2025 ஆகஸ்டில் நம் ஊரில் நடந்த கத்ரே நினைவுச் சொற்பொழிவில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், பாகிஸ்தானுக்கு எதிரான சிந்தூர் நடவடிக்கையின்போது தங்கள்மீது எந்தத் தடையும் விதிக்கப்படவில்லை என்றார். இரண்டு மாதங்களுக்கு முன் ஜகார்த்தாவில் நம் கடற்படை அதிகாரி ஒருவர், ராணுவ நிலைகளைத் தொடக்கூடாது என்ற அரசியல் கட்டுப்பாட்டால்தான் தொடக்கத்தில் விமானங்களை இழந்தோம் என்ற பொருள்படப் பேசியிருந்தார். அது சூழலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பேச்சு என்று தூதரகம் விளக்கம் தந்தது.

குழுவில் ஒருவர், "அரசியல்வாதி கையைக் கட்டாமல் இருந்திருந்தால் கார்கில் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும்" என்று சத்தியம் செய்கிறார். எனக்கு ஒப்பவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. இந்தத் தடை விமானத்தின் உள்ளே உட்கார்ந்திருப்பவரை என்ன செய்யும்? படையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜாலஹள்ளி ஓய்வு:
தம்பி, நான் விமானி இல்லை. ஜாலஹள்ளியில் பயிற்சி முடித்து, விமானத்தின் வயிற்றில் குண்டு பூட்டியே இருபது வருடம் கழித்தவன். 1999 கார்கில் போரின்போது வடக்கே ஒரு தளத்தில் மிக்-21 விமானங்களோடு இருந்தேன். விமானிகளின் மேசையில் விரித்த வரைபடத்தில், காஷ்மீரில் நம் பக்கத்தையும் பாகிஸ்தான் பக்கத்தையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைச் சிவப்புப் பென்சிலால் அழுத்தி வரைந்திருந்தார்கள். தாண்டக்கூடாது. அவ்வளவுதான் உத்தரவு.

அது சின்ன விஷயம் இல்லை. எதிரி உட்கார்ந்திருந்த முகடுகள் அந்தக் கோட்டை ஒட்டியே ஓடுகின்றன. தாண்டலாம் என்றால் விமானி தனக்கு வாகான திசையில் வந்து, போட்டுவிட்டு, நேரே போய்த் திரும்பலாம். தாண்டக்கூடாது என்றால் வரும் வழியும் குறுகிப்போகிறது, திரும்பும் இடமும் முன்கூட்டியே தெரிந்துபோகிறது. தோளில் ஏவுகணையோடு மேலே காத்திருப்பவனும் அதைக் கணக்குப் போடுவான்.

ஆனால் எல்லா இழப்பையும் அந்தக் கோட்டின் தலையில் கட்ட மாட்டேன். மே 27 அன்று விமானி நசிகேதாவின் மிக்-27 ராக்கெட் ஏவியபின் எஞ்சின் அணைந்து விழுந்தது. கோட்டைத் தாண்ட அனுமதி இருந்திருந்தாலும் அந்த மெல்லிய காற்றில் எஞ்சின் அணைந்துதான் இருக்கும். அவரைத் தேடி வட்டமிட்ட இன்னொரு விமானி அஜய் அகுஜா ஏவுகணைக்குப் பலியானார். மறுநாள் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்றில் நான்கு பேர் போனார்கள். ஏவுகணையைத் திசைதிருப்பும் நெருப்புப் பொறிகளை வீசும் கருவி அதில் இல்லை. அந்தக் குறைக்கு எந்த அமைச்சரைக் குற்றம் சொல்வது?

அதன்பின் ஹெலிகாப்டர்களைத் தாக்குதலிலிருந்து விலக்கினார்கள். மற்றவை ஏவுகணைக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. கையடக்க ஜிபிஎஸ் கருவியையும் நிறுத்துக் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு மிக்-21 குண்டு போட்டது என்றால் இன்றைய பையன்கள் நம்ப மாட்டார்கள். ஜூன் 24 அன்று மிராஜ் 2000 விமானம், லேசர் ஒளி வழிகாட்டும் குண்டோடு டைகர் ஹில் முகட்டுக்குப் போனது. கோடு மட்டும் கடைசிவரை அசையவில்லை. எப்படிப் பறப்பது, எதைப் போடுவது என்பதை எங்கள் பொறுப்பில் விட்டார்கள்.

அமெரிக்கர்கள் வியட்நாமில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். 1965 முதல் 1968 வரை நடந்த 'ரோலிங் தண்டர்' குண்டுவீச்சில் எந்தப் பாலம், எந்தக் கிடங்கு என்பதை வெள்ளை மாளிகையின் செவ்வாய்க்கிழமை மதிய உணவு மேசையில் அதிபர் ஜான்சனும் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாராவும் முடிவு செய்தார்கள். 1967-இன் பிற்பகுதி வரை அந்த மேசையில் சீருடைக்காரர் எவருக்கும் நிரந்தர இடமில்லை. வட வியட்நாமின் தலைநகர் ஹனோய் அருகே ஏவுகணைத் தளம் எழும்புவதை 1965 ஏப்ரலிலேயே படம் எடுத்துவிட்டார்கள். அடிக்க அனுமதி இல்லை. ஜூலை 24 அன்று ஏவுகணை ஒரு எஃப்-4 விமானத்தை வீழ்த்தியபின் அனுமதி வந்தது. 27-ஆம் தேதி தாழப் பறந்து போனார்கள், ஒரே நாளில் ஆறு எஃப்-105 குண்டுவீச்சு விமானங்கள் விழுந்தன. அடிக்கப்போன தளங்களில் ஒன்று வெறும் பொம்மை. வட வியட்நாமின் புக் யென் ஓடுபாதையிலிருந்து மிக் விமானங்கள் கிளம்பிவந்து தங்களைச் சுட்டும், 1967 அக்டோபர் வரை அதன்மேல் ஒரு குண்டு போட விடவில்லை. கட்டிய 833 எஃப்-105-களில் ஏறக்குறைய பாதியை அந்தப் போர் தின்றது.

வட வியட்நாமின்மேல் நூறு முறை பறந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது அங்கே கணக்கு. அப்படி எண்ணிக்கொண்டு பறப்பவன் மேலிடத்தை நம்புவானா? 1967-இல் காம் ஃபா துறைமுகத்தில் சோவியத் கப்பல் ஒன்றின்மீது சுட்டுவிட்ட தம் விமானிகளைக் காப்பாற்ற, அமெரிக்க விமானப்படையின் கர்னல் பிராட்டன், சுடுவதைப் பதிவு செய்யும் துப்பாக்கிக் கேமராவின் படச்சுருளையே அழித்தார். ராணுவ நீதிமன்றத்தில் நின்றார். செய்தது தவறு. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஜெயநகர் வரலாற்று ஆசிரியை:
ஐயா, ஜான்சனுக்காகவும் ஒரு வார்த்தை. 1950-இல் கொரியாவில் சீனா இறங்கியதைப் பார்த்த தலைமுறை அது. வட வியட்நாமுக்குச் சீனா அந்த ஆண்டுகளில் அனுப்பிய படையினர் மூன்று லட்சத்துக்கும் மேல். அவர் பயந்தது கற்பனைக்கு இல்லை. நம்மவர்களும் 1962 சீனப் போரில் கல்கத்தாமேல் குண்டு விழுமோ என்று அஞ்சித்தான் போர் விமானங்களைத் தரையில் நிறுத்தினார்கள். அதைத்தான் தவறு என்பேன். ஆயுதமற்ற சரக்கு விமானங்கள் மட்டும் சுடுபட்டுக்கொண்டே உணவு போட்டன.

ஜாலஹள்ளி ஓய்வு:
அம்மா சொல்வது சரி. பயப்பட வேண்டியவர் பயப்படத்தான் வேண்டும். கோடு போடுவதற்காக நான் யாரையும் திட்டவில்லை. மதிய உணவு மேசையிலிருந்து விமானம் ஓட்டுவதைத்தான் திட்டுகிறேன். அதைச் சீருடைக்காரரும் செய்வார். 1972 டிசம்பரில், ஜான்சனுக்குப் பின் வந்த அதிபர் நிக்சன் ஹனோய்மீது பி-52 பெரிய குண்டுவீச்சு விமானங்களை அனுப்பியபோது தடைகள் வெகுவாகத் தளர்ந்திருந்தன. ஆனால் அமெரிக்காவில் ஒமாஹாவிலிருந்த விமானப்படைத் தலைமையகம் முதல் மூன்று இரவும் ஒரே வழி, ஒரே உயரம், குண்டு போட்டபின் ஒரே திருப்பம் என்று எழுதிக் கொடுத்தது. மூன்றாம் இரவில் மட்டும் ஆறு விழுந்தன. அதன்பிறகுதான் வழியை மாற்றினார்கள்.

முருகேஷ்பாளையா வாசி:
நன்றி ஐயா. உங்கள் தளத்து விமானிகள் அந்தக் கோட்டைப் பற்றி உங்களிடம் புலம்பியதுண்டா?

ஜாலஹள்ளி ஓய்வு:
புலம்பியதில்லை. ஒரு நாள் இளம் விமானி ஒருவர் குண்டுகளோடே திரும்பி வந்தார். இன்னும் சில நொடி நேரே போயிருந்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருப்பாராம். குண்டோடு இறங்கும் விமானம் என்றால் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். குண்டை வெடிக்கவைக்கும் தூண்டியைப் பூட்டியவனே கழற்ற வேண்டும். அவர் ஏணியிலிருந்து இறங்கி, "உங்களுக்கு இரட்டை வேலை வைத்துவிட்டேன்" என்று என்னிடம் இந்தியில் மன்னிப்புக் கேட்டார். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் அதே குண்டுகளை அதே விமானத்தில் பூட்டினேன்.