சிறு கண்ணாடிக் குப்பிக்குள் வ.உ.சி.யின் மணல் உருவப்படம்: முகம் கலையாமல் நிற்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர்: ஓவிய ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் கற்பித்து வருகிறேன். செப்டம்பர் 5 வ.உ.சிதம்பரனாரின் பிறந்த நாளாக இருந்தும், பள்ளிகளில் அது ஆசிரியர் தினமாகவே கழிந்துவிடுகிறது என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. 1872-இல் எங்கள் மாவட்டத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவருக்கு எங்கள் மண்ணைக் கொண்டே ஓர் உருவப்படம் செய்ய வேண்டும் என்று எண்ணி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்துக்கொண்டேன். பின்புலத்துக்கு எங்கள் பக்கத்துச் செம்மணலான தேரி மணல், முகத்துக்கு ஆற்று மணல், தலைப்பாகைக்கு வெள்ளை மணல், மீசைக்கும் கண்களுக்கும் கன்னியாகுமரியில் பொட்டலமாக விற்கும் கரு மணல் என்று நான்கு வகை மணலை வைத்து, பதினொரு மாலைகள் உட்கார்ந்து நிரப்பினேன்.

வீட்டில் இருந்தவரை படம் நன்றாகவே இருந்தது. பள்ளிக்குப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இறங்கிப் பார்க்கும்போது ஒரு பக்க மீசை நூல்போல மோவாய் வரை வழிந்திருந்தது, கண்கள் இருந்த இடம் சாம்பல் நிறத் திட்டாக மாறியிருந்தது. குப்பியின் கழுத்தில் ஒரு விரற்கடை இடம் காலியாக இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். பசை கலக்காமலே மணலை நிலைநிறுத்த வழி உண்டா? முகத்துக்குப் பின்னால் செக்கையும் காட்ட வேண்டும் என்பது மாணவர்களின் ஆசை. அதற்கு இடம் இருக்குமா?

மறுமொழி 1: சல்லடை

அம்மா, நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு விரற்கடை வெற்றிடம்தான் முதற்காரணம். உலர்ந்த மணல் அதிரும்போது மணிகள் நெருங்கி அமர்ந்து மட்டம் இறங்குகிறது. மேலே இடம் இருந்தால் அந்த இறக்கம் நிற்காது, மணியோடு மணியாகப் படமும் நகரும். இரண்டாவது காரணம், நான்கு மணலும் நான்கு பருமனில் இருந்திருக்கும் என்பது. பருமன் கலந்த மணலைக் குலுக்கினால் சிறு மணிகள் இடைவெளி வழியே கீழே இறங்கும், பெரியவை மேலே வரும். அதோடு, கரு மணலில் பெரும்பகுதி இல்மனைட் என்னும் கனிமம். சாதாரண வெண்மணலான குவார்ட்சை விட அது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு கனமானது. பருமனிலும் நுண்மையாக இருந்து எடையிலும் கனமாக இருந்தால், முதலில் வழிவது மீசையாகத்தான் இருக்கும்.

ஆகவே நான்கு மணலையும் ஒரே இரண்டு சல்லடைகளால் சலியுங்கள்: மேல் சல்லடையில் தங்குவதையும் கீழ்ச் சல்லடையில் விழுவதையும் விலக்கிவிட்டு, இடையில் நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சலிப்பதற்கு முன் நல்ல நீரில் பலமுறை அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். கடல் மணலில் உள்ள உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கண்ணாடியின் உட்புறத்தை மங்கச் செய்யும். தேரி மணலின் சிவப்பு, குவார்ட்சு மணியின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடின் நிறம்; கையில் ஒட்டும் செந்தூள் போகும்வரை அலசினால் போதும், புளிப்போ அமிலமோ பட்டால் நிறம் வெளுக்கும். பொட்டல மணலில் சாயம் ஏற்றியிருக்கிறதா என்பதும் அலசும்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான் ஆகிய கனிமங்களோடு, கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருக்கிறது. கரையிலிருந்து அள்ளி வந்து மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம். உலர்ந்த மணல் எதுவானாலும் சலிக்கும்போது முகக்கவசம் அணியச் சொல்லுங்கள்.

மறுமொழி 2: குப்பியும் குச்சியும்

பசை இல்லாமல் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும் என்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள மெக்கிரகர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆண்ட்ரூ கிளெமென்ஸ் (1857–1894), ஐந்து வயதில் மூளைக்காய்ச்சலால் செவித்திறனை இழந்தவர். ஊருக்கு அருகே இயற்கையாகவே பல நிறங்களில் அமைந்த மணற்பாறைகளிலிருந்து மணலைச் சேகரித்து, நிறவாரியாகப் பிரித்து, மருந்துக் குப்பிகளுக்குள் படம் அமைத்தார். ஹிக்கரி மரக்குச்சிகளையும் வளைத்த தூண்டில் முட்களையும் கொண்டு தாமே செய்துகொண்ட கருவிகள்தாம் அவரிடம் இருந்தன. குதிரைமேல் அமர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன், கழுகு, கொடி, நீராவிக் கப்பல் என எல்லாவற்றையும் குப்பியைத் தலைகீழாக வைத்து, ஒரு துளிப் பசையும் இன்றிச் செய்தார். அன்று சில டாலர்களுக்கு விற்ற அந்தக் குப்பிகளில் ஒன்று 2021-இல் 9 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று. எனக்கு வியப்பு விலையில் இல்லை. கப்பலின் பாய்மரக் கயிறு ஒவ்வொன்றும் இன்றும் வைத்த இடத்திலேயே இருப்பதில்தான்.

மணல் நிற்பது அழுத்தத்தால். படம் என்பது கண்ணாடியை ஒட்டிய ஒரு மெல்லிய தோல் மட்டுமே. உள்ளே இருப்பது முழுவதும் நிரப்பு மணல். ஒவ்வொரு வரிசையும் வைத்தவுடன் அதன் பின்னால் நிரப்பு மணலை இட்டுத் தட்டையான குச்சியால் குத்தி இறுக்கிவிட்டே அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். கழுத்துவரை நிரப்பி, இனி ஒரு சிட்டிகையும் ஏறாது என்ற நிலையில் தக்கையை அழுத்திச் செருகி, மெழுகு ஊற்றி மூடுங்கள்.

பருமனுக்கும் முகத்துக்கும் உள்ள கணக்கை எழுதுகிறேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் உதவிய கணக்கு அதுதான். முகத்தின் அகலம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்று மணலின் மணி அரை மில்லிமீட்டர் என்றால் முகத்தின் குறுக்கே 60 மணிகள்தாம் நிற்கும். ஒரு கண் முகத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் அதற்கு 12 மணிகள், கருவிழிக்கு நான்கு. நான்கு மணிகளைக் கொண்டு பார்வையைக் கொண்டுவர முடியாது. மணி 0.2 மில்லிமீட்டராக இருந்தால் முகத்துக்கு 150, கண்ணுக்கு 30, கருவிழிக்கு 10 மணிகள் கிடைக்கின்றன; அப்போது விழியின் மேல்விளிம்பில் இமையின் நிழலையும் இரண்டு மணிகளில் காட்டிவிடலாம். சல்லடையை வாங்கும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செக்கை முகத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். அந்த அளவில் அது கரிய கட்டையாகத்தான் தெரியும். படம் கண்ணாடியை ஒட்டி மட்டுமே இருப்பதால் குப்பியின் மறுபக்கம் முழுவதும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அங்கே செக்கையோ, சுதேசிக் கம்பெனியின் 'காலியா' கப்பலையோ தனிப்படமாக அமைக்கலாம். நான் கப்பலைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவர் பட்ட தண்டனையைப் பிள்ளைகள் அறிவார்கள். 1906-இல் அவர் நிறுவிய கம்பெனியின் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியதையும் அவர்கள் கண்ணால் காண வேண்டும்.

மறுமொழி 3: வெள்ளைத்தாள்

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்குக் குப்பி வேலை கடினம் என்பது என் கருத்து. பலகை வேலையையும் எண்ணிப் பாருங்கள். பவேரியாவில் பிறந்து 1783-இல் லண்டனுக்கு வந்த பெஞ்சமின் சோபல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் விருந்து மேசைகளில் நிற மணலால் படம் வரைந்தவர். விருந்து முடிந்ததும் கலைக்கப்பட்ட அந்தப் படங்கள் நிலைத்து நிற்கும்படி, பலகையில் கருவேலம் பிசினையும் ஈய வெள்ளையையும் பூசி, அதன்மேல் மணலைத் தூவும் முறையை அவர் கையாண்டார். ஈயம் நஞ்சு என்பதால் நமக்கு அது வேண்டாம். ஃபெவிகாலை நீர்விட்டு இளக்கி, தூரிகையால் ஒரு நிறத்துக்கு உரிய இடத்தில் மட்டும் பூசி, மடித்த கெட்டி அட்டையின் நுனியிலிருந்து மணலைத் தட்டித் தட்டி விழச் செய்தால் போதும். கருமையை முதலிலும் வெள்ளையை இறுதியிலும் தூவுங்கள். வெள்ளைமேல் விழுந்த கரு மணியை எடுப்பது பெரும்பாடு.

கேள்வி கேட்டவர்: ஓவிய ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவர்களுக்குப் பலகை, எனக்குக் குப்பி என்று முடிவு செய்துகொண்டேன். ஆற்று மணலை விட்டுவிட்டு, தேரி மணலையும் வெண்மணலையும் கலந்து முகத்தின் நிறத்தை எடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே பருமனுக்குச் சலித்தாயிற்று. தேரிக்காட்டில் வனத்துறையின் பகுதியில் அள்ளாமல், உறவினர் ஒருவரின் பட்டா நிலத்திலிருந்து இரண்டு படி மணல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நேற்று மோவாயும் மீசையும் முடிந்தன. குப்பி நிமிர்ந்தே இருப்பதால் முகத்தைக் கீழிருந்து மேலாக, மோவாயில் தொடங்கி வரிவரியாக எழுப்ப வேண்டியிருக்கிறது. மீசையின் முனை எந்த வரியில் தொடங்குகிறது என்பதைக் கட்டம் போட்ட தாளில் முன்கூட்டியே குறித்துக்கொண்டேன். மீசை வரை நிரப்பி, அந்த மட்டத்திலேயே பஞ்சும் துணியும் திணித்து இறுக்கிக் கட்டி, அதே பேருந்தில் ஒருமுறை போய்வந்து பார்த்தேன். இடப்பக்க நுனியில் ஒரே ஒரு மணி மட்டும் விலகியிருந்தது. ஊசியால் அதைத் தள்ளிச் சரிசெய்துவிட்டு, இன்று கன்னத்தை எழுப்பிக்கொண்டிருக்கிறேன். மறுபக்கத்தில் கப்பலின் அடிப்பகுதி ஏற்கெனவே நீர்மட்டத்தைத் தாண்டிவிட்டது.