ஊர் ஒன்றுதான், குரூப் பை போட்டால் மூன்று வரி (போஸ்ட்கிரெஸ் 15)

கொழிஞ்சாம்பாறை_கணக்கு:
போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பால் சொசைட்டி உறுப்பினர் டேபிள். ஊர்ப்பெயர் தமிழில் ஒரு ஃபீல்டு, மலையாளத்தில் ஒரு ஃபீல்டு. குரூப் பை (ஒரே மதிப்புகளை ஒரு வரியாகச் சேர்ப்பது) போட்டால் கொழிஞ்சாம்பாறை மூன்று தடவை வருகிறது, பிடிரிம் (இரு ஓரத்து ஸ்பேஸையும் வெட்டுவது) போட்டும் சேரவில்லை. மலையாள ஃபீல்டில் சிற்றூரும் (தமிழில் சித்தூர்) அப்படியே. இன்னொன்று: சீட்டில் இடம் பத்தாது என்று லெஃப்ட்(ஊர், 5) கொடுத்தால் புள்ளி போய் 'கொழிஞ' என்று நிற்கிறது.

வாளையார்_டேட்டா:
கண்ணுக்குத் தெரியாதுங்க, எண்ணித்தான் பார்க்கணும். லென்த்(ஊர்) குறிகளின் எண்ணிக்கை, ஆக்டெட்_லென்த்(ஊர்) பைட்களின் எண்ணிக்கை; இரண்டையும் பக்கத்தில் எடுங்க. சுத்தமான கொழிஞ்சாம்பாறை 14, 42. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; எழுத்தோடு ஒட்டும் காலும் புள்ளியும் தனித்தனியாகவே எண்ணப்படும், 'கொ'வில் வரும் கொம்பும் காலும் மட்டும் சேர்ந்து ஒரே குறி. உங்க லெஃப்ட் புள்ளியை விட்டதும் அதனால்தான்.

15, 43 என்றால் சாதா ஸ்பேஸ். 15, 44 என்றால் யூனிகோடில் 160ஆம் எண் ஸ்பேஸ் (வரி உடையாத ஸ்பேஸ்). வெப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது வரும். பிடிரிம் சும்மா கொடுத்தால் சாதா ஸ்பேஸான 32ஐ மட்டும்தான் வெட்டும். 15, 45 என்றால் 'கொ'வின் கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத 8205ஆம் எண் இணைப்புக் குறி நுழைந்திருக்கும்.

பிடிரிம்(நார்மலைஸ்(ரீப்ளேஸ்(ரீப்ளேஸ்(ஊர், சிஎச்ஆர்(160), ' '), சிஎச்ஆர்(8205), ''), என்எஃப்சி))

நார்மலைஸ்-என்எஃப்சி பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும். 160ஐ மாற்றுவது உள்ளே, பிடிரிம் வெளியே. வரிசையை மாற்றினால் ஓரத்து ஸ்பேஸ் அப்படியே தங்கிவிடும். நார்மலைஸ் 13ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு, டேட்டாபேஸ் யூடிஎஃப்-8ஆக இருக்கணும்.

நகரி_எஸ்க்யூஎல்:
மேலே உள்ளதை மலையாள ஃபீல்டில் அப்படியே ஓட்டிடாதீங்க! பழைய முறையில் சில்லு (மலையாளத்தில் தனி வடிவத்தில் எழுதும் மெய்) என்பது அடிப்படை எழுத்து, சந்திரக்கலை (நம்ம புள்ளி போன்ற குறி, 3405), 8205 மூன்றும் சேர்ந்தது. 8205ஐ உருவினால் சில்லு போய் சந்திரக்கலை போட்ட எழுத்துதான் மிஞ்சும். 2008இல் வந்த யூனிகோட் 5.1 சில்லுகளுக்குத் தனி எண் கொடுத்தது. ஆனால் பழையதையும் புதியதையும் என்எஃப்சி ஒன்றாக்காது. முதலில் ரீப்ளேஸ்(ஊர்_ம, சிஎச்ஆர்(3376)||சிஎச்ஆர்(3405)||சிஎச்ஆர்(8205), சிஎச்ஆர்(3452)). சிற்றூரின் கடைசி ர்-சில்லுக்கு இது போதும். மற்றச் சில்லுகளுக்கும் இதே வரி, எண் மட்டும் மாறும்: 3363க்கு 3450, 3368க்கு 3451, 3378க்கு 3453, 3379க்கு 3454. இதெல்லாம் முடிந்த பிறகு 8205 மிச்சமிருந்தால் எடுக்கலாம்.

இன்னொரு வம்பு: எங்க பக்கத்து ஆந்திரச் சித்தூரையும் உங்க பாலக்காட்டுச் சித்தூரையும் எந்த ஃபங்ஷனும் பிரிக்காது. லெஃப்ட்(பின்கோடு, 3) சேர்த்து குரூப் பண்ணுங்க. உங்களுடையது 678, எங்களுடையது 517. பின்கோடு டெக்ஸ்டாக இருக்கணும், இன்டிஜராக வைத்திருந்தால் லெஃப்ட் எர்ரர் கொடுக்கும்.

வாளையார்_டேட்டா:
சில்லு விஷயம் சரிதான், என் வரி தமிழ் ஃபீல்டுக்கு மட்டும். சீட்டுக்கு லெஃப்ட் வேண்டாம், சப்ஸ்ட்ரிங்கில் ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) கொடுங்க: ஓர் எழுத்து, அதன் பின்னால் 3006 முதல் 3021 வரையான குறிகள் எத்தனை வந்தாலும் ஒரு கட்டு, அப்படி நாலு கட்டு. 'கொழிஞ்சா' முழுசாக வரும்.

தேடலில் இதையெல்லாம் நிபந்தனை எழுதும் WHERE பகுதியில் எழுதினால் சாதா இன்டெக்ஸ் உதவாது. அதே எக்ஸ்பிரஷன் மேல் இன்டெக்ஸ் போடுங்க. அதற்குள் சொற்களை ஒட்டும் கான்கேட் வேண்டாம். அது இம்யூட்டபிள் (எப்போதும் ஒரே விடை தருவது) இல்லை என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். || போட்டால் ஏற்கும், ஆனால் ஒரு பக்கம் NULL (மதிப்பே இல்லாதது) வந்தால் முழுதும் NULL, அதற்குப் பதில் மதிப்பு தரும் கோலெஸ் சேர்த்துக்குங்க.