ஜாஸ் வினைல்: ரைடு சிம்பல் சீறுகிறது, ஊஃபர் ஆடுகிறது. எந்த போனோ ப்ரீஆம்ப் வாங்கலாம்?

நீலவட்டு:
டர்ன்டேபிள் ஆடியோ-டெக்னிக்கா எல்பி120எக்ஸ் யூஎஸ்பி, கார்ட்ரிட்ஜ் (ஊசி அசைவை மின் சிக்னலாக்கும் பகுதி) அதோடு வந்த விஎம்95இ. இப்போதைக்கு உள்ளேயே இருக்கும் போனோ ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது) வழியாக ஆம்பின் ஆக்ஸுக்குப் போகிறது. கேட்பது பெரும்பாலும் 1955 முதல் 65 வரையான ஜாஸ், பாதி மோனோ.

மூன்று தொல்லைகள். ட்ரம் செட்டின் ரைடு சிம்பலில் குச்சி படும் சத்தம் தெளிவாக வராமல் ‘ஸ்ஸ்’ என்று சீறுகிறது. பேஸ் இல்லாத இடத்திலும் ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) கோன் முன்னும் பின்னும் ஆடுகிறது. சிடிக்கு வைப்பதைவிட வால்யூமை நிறைய திருப்ப வேண்டியிருக்கிறது. ஆர்ட் டிஜே ப்ரீ 2, கேம்பிரிட்ஜ் சோலோ, ஷீட் மானி 2 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஜாஸுக்கு எது பொருந்தும்?

ஊசிமுனை:
வாங்குமுன் ஒரு சோதனை. சீறல் வட்டின் முதல் பாட்டிலேயே இருக்கிறதா, கடைசிப் பாட்டில் மட்டுமா? கடைசியில் மட்டும் என்றால் ப்ரீஆம்பைக் குற்றம் சொல்ல முடியாது. உள்வட்டத்தில் ஒரு சுற்றின் நீளம் குறைவு. அதே ஒலி நெருக்கமான வளைவுகளாகிவிடும், நீள்வட்ட ஊசி அதைப் பின்தொடரத் திணறும். ப்ரொட்ராக்டர் (கோண அளவி) வைத்து கார்ட்ரிட்ஜின் அலைன்மென்ட் பாருங்கள். ஊசி எடை 2.0 கிராம், ஆர்மில் உள்ள டயலை நம்பாமல் டிஜிட்டல் ஸ்கேலில் நிறுத்துப் பாருங்கள். 1.8க்குக் கீழே போனால் சிம்பல் உடைந்துதான் கேட்கும்.

அதற்குப் பிறகும் கடைசிப் பாட்டில் சீறினால், இதே கார்ட்ரிட்ஜ் உடம்பில் விஎம்என்95எம்எல் மைக்ரோலைன் ஊசியைச் செருகலாம். கழற்றி மாட்டினால் போதும். என்னைக் கேட்டால் முதல் செலவு அதுதான்.

நீலவட்டு:
பார்த்துவிட்டேன் சார். எடை 2.0, அலைன்மென்ட்டும் சரி. சீறல் முதல் பாட்டிலிருந்தே இருக்கிறது.

சாலிடர்வாசனை:
அப்படியானால் கெப்பாசிட்டன்ஸ் (கேபிளும் இன்புட்டும் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) பக்கம் பாருங்கள். ‘ஜாஸுக்கான ப்ரீஆம்ப்’ என்று தனியாக எதுவும் கிடையாது. கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்தும் ப்ரீஆம்ப், பொருந்தாத ப்ரீஆம்ப், அவ்வளவுதான்.

விஎம்95இ-யின் இண்டக்டன்ஸ் (உள்ளிருக்கும் கம்பிச் சுருளின் மின்தூண்டல்) 550 மில்லிஹென்றி. நிறுவனம் கேட்கும் லோடு 47 கிலோ ஓம், 100 முதல் 200 பிக்கோஃபாரட். இந்த 200-க்குள் ஆர்ம் வயர், ஆர்சிஏ கேபிள், ப்ரீஆம்ப் இன்புட் மூன்றும் சேர்ந்து அடங்க வேண்டும். மொத்தம் 150 என்றால் மின் பக்கத்து ஃப்ரீக்வென்சி வளைவு ஏறக்குறைய தட்டை. 300 ஆனால் 9, 10 கிலோஹெர்ட்ஸ் அருகே கிட்டத்தட்ட 2 டெசிபல் மேடு எழும்பி, அதற்கு மேல் சரியும். ரைடு சிம்பலின் பளபளப்பு இருப்பது அங்கேதான். மேடு சீறலாகவும், சரிவு மூச்சு முட்டினாற்போலவும் கேட்கும்.

உள் ப்ரீஆம்பில் இதை மாற்ற வழியில்லை. வெளி ப்ரீஆம்புக்குப் போகும்போது கேபிளும் கணக்கில் சேரும். அதை இரு முனையும் கழற்றி, மல்டிமீட்டரின் கெப்பாசிட்டன்ஸ் ரேஞ்சில் நடுப் பின்னுக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளந்து சொல்லுங்கள். மீட்டர் வயரின் சொந்த ரீடிங்கைக் கழிக்க மறக்காதீர்கள்.

நீலவட்டு:
1.2 மீட்டர் கேபிள், கழித்தது போக 150 பிக்கோஃபாரட்.

சாலிடர்வாசனை:
அதிகம். ப்ரீஆம்ப் இன்புட் 100 என்று வைத்தாலும், கேபிள் 150, ஆர்ம் வயர் சில பத்துகள், 280ஐத் தாண்டும். மீட்டருக்கு 60 பிக்கோஃபாரட் அளவில் ஒரு கேபிளை அரை மீட்டர் நீளத்தில் வாங்குங்கள். அது 30தான். எல்பி120எக்ஸில் கேபிள் கழன்று வரும், வேலை சுலபம்.

இனி கெய்ன், அதாவது சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. கார்ட்ரிட்ஜ் தருவது 4 மில்லிவோல்ட். உள் ப்ரீஆம்ப் 36 டெசிபல், அதாவது 63 மடங்கு, 250 மில்லிவோல்ட். சிடி பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் தரும். ஆக நாப் கூடுதலாகத் திரும்புவது கோளாறே இல்லை. 42 டெசிபலில் 500 மில்லிவோல்ட் வரும், அது போதும். மானியில் 60 வரை இருக்கிறதே என்று ஏற்றாதீர்கள், அது எம்சி (மூவிங் காயில், மிகக் குறைந்த சிக்னல் தரும் வகை) கார்ட்ரிட்ஜுக்கு. ட்ரம்பெட் உச்சியில் கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும்.

உங்கள் நிலைமைக்கு என் ஓட்டு ஆர்ட் டிஜே ப்ரீ 2. 100/200 பிக்கோஃபாரட் ஸ்விட்ச், லோ கட் (மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டுவது), லெவல் நாப் மூன்றும் உண்டு. ஸ்விட்சை 100-ல் வையுங்கள். டப்பா அழகாக இருக்காது. சோலோவும் நல்ல பெட்டிதான், ஆனால் 39 டெசிபலில் நிலையானது.

தாழ்சுருதி:
ஊஃபர் விஷயம். வட்டு கோணல், ஆர்ம் ரெசொனன்ஸ் எல்லாம் சுமார் 12 ஹெர்ட்ஸுக்குக் கீழே. டபுள் பேஸின் கடைசித் தந்தியோ 41 ஹெர்ட்ஸ். ஆகவே 20 ஹெர்ட்ஸில் வெட்டினால் இசைக்கு நஷ்டமில்லை. எவ்வளவு செங்குத்தாக வெட்டுகிறது என்று மட்டும் பாருங்கள்: ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 6 டெசிபல் சரிவு 10 ஹெர்ட்ஸில் 7 டெசிபல்தான் குறைக்கும், 18 டெசிபல் சரிவு 18 குறைக்கும்.

முதலில் இதைச் செய்யுங்கள்: பிளாட்டர் நின்ற நிலையில் ஊசியை வட்டில் வைத்து வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். ஊளை கிளம்பினால் ஸ்பீக்கர் அதிர்வு டர்ன்டேபிளுக்குப் போகிறது. ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே மேஜையில் வைக்காதீர்கள்.

ஊசிமுனை:
மாட்டும்போது செலக்டரை லைனிலிருந்து போனோவுக்குத் தள்ள மறந்தால் ஆர்ஐஏஏ (வட்டில் குறைத்து வெட்டிய பேஸை ஏற்றி, ஏற்றி வெட்டிய ட்ரெபிளைக் குறைக்கும் ஈக்யூ) இரண்டு முறை விழும். 20 ஹெர்ட்ஸில் இன்னொரு 20 டெசிபல் ஏறி எல்லாம் குழம்பும். ‘புது பெட்டி மோசம்’ என்று திருப்பி அனுப்புவதில் பல இந்த வகை. கிரவுண்ட் வயரை டர்ன்டேபிளிலிருந்து ப்ரீஆம்பின் ஜிஎன்டி திருகுக்கு மாட்டுங்கள். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் மேல் ப்ரீஆம்பை ஏற்றினால் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்’ இலவசம்.

நீலவட்டு:
நன்றி. மோனோ வட்டுகளுக்கு? ஆம்பில் மோனோ பட்டன் இல்லை.

சாலிடர்வாசனை:
இரண்டு ஒய் அடாப்டர். டர்ன்டேபிளின் இடது வலதை ஒன்றில் சேர்த்து, மற்றதில் பிரித்து ப்ரீஆம்பின் இரண்டு இன்புட்டுக்கும் கொடுங்கள். இண்டக்டன்ஸ் பாதியாகும், கெப்பாசிட்டன்ஸ் இரட்டிப்பாகும், ரெசிஸ்டன்ஸ் பாதியாகும். ஆக மேலே போட்ட கணக்கு மாறாது. செங்குத்தாக வரும் வட்டு இரைச்சல் அடிபட்டுப் போகும். ப்ரீஆம்ப் அவுட்புட்டில் இப்படிச் சேர்க்காதீர்கள், இரண்டு அவுட்புட்டும் ஒன்றையொன்று ஓட்டும். 1954க்கு முந்தைய 10 அங்குல வட்டு இருந்தால் அதன் ஈக்யூ வேறாக இருக்கலாம். நீங்கள் சொன்ன வருடங்களுக்கு ஆர்ஐஏஏ போதும்.