ஓஹாயோவில் வெள்ளத்தடுப்பு மாவட்டத்தை நீதிமன்றம் அமைக்கும் நடைமுறை

சட்டமாணவி:
அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், 1914ஆம் ஆண்டின் கன்சர்வன்சி (நீர்ப் பாதுகாப்பு) சட்டப்படி, வெள்ளத்தடுப்புக்கென்று தனி மாவட்டம், அதாவது வழக்கமான நிர்வாக மாவட்டமல்லாத தனி அமைப்பு, அமைக்கும் ஆணையை நீதிமன்றமே பிறப்பிக்கிறது என்று படித்தேன். மனு தாக்கலானது முதல் நடைமுறை எவ்வாறு செல்கிறது? இதில் சேர விரும்பாத நில உரிமையாளர் எப்போது ஆட்சேபிக்க வேண்டும்?

பழைய வக்கீல்:
காமன் பிளீஸ் எனப்படும் கவுன்டி அளவிலான விசாரணை நீதிமன்றத்தில் தாக்கலாகும் மனுவில் 500 நில உரிமையாளர்களோ, அப்பகுதி நில உரிமையாளர்களில் பெரும்பான்மையினரோ, பரப்பிலோ மதிப்பிலோ பாதிக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்களோ கையெழுத்திட வேண்டும். உள்ளாட்சி அமைப்பும் மனுச் செய்யலாம். எல்லையைச் சர்வே கணக்கில் சொல்ல வேண்டியதில்லை, பொதுவாக விவரித்தால் போதும். மனு தள்ளுபடியானால் செலவை ஈடுகட்டப் பிணைப்பத்திரமும் கொடுக்க வேண்டும். மாவட்டம் பல கவுன்டிகளில் (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவுகளில்) பரவியிருந்தால், கவுன்டிக்கு ஒரு நீதிபதியாக அனைவரும் சேர்ந்து அமர்ந்து விசாரிப்பார்கள்.

ஆட்சேபணையில்தான் சூட்சுமம் இருக்கிறது. மனுவில் கையெழுத்திடாத நில உரிமையாளர், விசாரணைக்குக் குறித்த நாளுக்குள் அதைத் தாக்கல் செய்யலாம்; ஆனால் மனுவில் கூறியவை உண்மையல்ல என்று மறுப்பதோடு அது நின்றுவிட வேண்டும். 'என் வயலுக்கு இதனால் என்ன பயன்?' என்ற வாதம் அங்கே எடுபடாது.

சட்டமாணவி:
அப்படியானால் அந்த உரிமையாளர் தம் வாதத்தை இழந்துவிடுகிறாரா, ஐயா?

பழைய வக்கீல்:
இல்லை, அம்மா. அமைப்பாணைக்குப் பின் நீதிமன்றம் மூன்று இயக்குநர்களை நியமிக்கும். அவர்கள் தயாரிக்கும் திட்டத்துக்குத் தனியே ஆட்சேபிக்கலாம். அதன்பின் மதிப்பீட்டாளர்கள் நிலந்தோறும் பயனையும் சேதத்தையும் கணக்கிட்டு அளிக்கும் அறிக்கையையும் எதிர்க்கலாம். நிலத்தின் மீது விதிக்கும் தொகை அதற்குக் கிடைக்கும் பயனை விஞ்சக் கூடாது என்பதால், பணத்தைப் பற்றிய உண்மையான வழக்கு அங்கேதான் நடக்கிறது.

ஆற்றுப்பொறியாளர்:
ஓஹாயோவின் மயாமி ஆற்றுப் பள்ளத்தாக்குக்கென இச்சட்டப்படி அமைந்த மயாமி கன்சர்வன்சி மாவட்டத்தின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1913 மார்ச்சில் அங்குள்ள டேட்டன் நகரை மூழ்கடித்து 360 பேருக்கு மேல் பலிகொண்ட வெள்ளத்தின் விளைவே இச்சட்டம். 1915இல் அமைப்பாணை கிடைத்தது. அணைகள் தங்கள் நிலத்தில், பாதுகாப்பு கீழேயுள்ள நகரங்களுக்கு என்று மேற்பகுதி விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயும் சட்டம் செல்லும் என்றே முடிந்தது. 1922இல் முடிந்த ஐந்து அணைகளிலும் மதகுக் கதவுகளே இல்லை. அடியில் எப்போதும் திறந்திருக்கும் வழிகளால் வெள்ளத்தின்போது மட்டும் நீர் தேங்குகிறது, மற்றக் காலத்தில் அந்நிலத்தில் உழவு நடக்கிறது. ஆகவே சேதத்தைக் கணக்கிடுபவர் நிலத்தின் முழு விலையைப் பார்க்காமல், எப்போதாவது நீர் ஏறுவதால் அந்நிலம் இழக்கும் மதிப்பைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.