பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இந்தியாவில், பிறகேன் நம்மட கிழவிகளுக்கு ஆயுள் கூட?

கல்லடிப் பாலத்தடி:
அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்தவர்கள். பெரியம்மா 1990 யுத்தப் பிரச்சினையில் குடும்பத்தோடு இந்தியா போய் இப்போது திருச்சியில் இருக்கிறா, அம்மா இங்கே இலங்கையில், மட்டக்களப்புக் கல்லடியில். போன கிழமை வாட்ஸ்அப்பில் ரெண்டு பேருக்கும் வாக்குவாதம், ஆர் கூட நாள் இருப்பது என்று. அண்ணன் நடுவில் புகுந்து, உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்கில் சராசரி ஆயுள் இலங்கைப் பெண்ணுக்குக் கிட்டத்தட்ட 80, இந்தியப் பெண்ணுக்கு 72 என்று போட்டுவிட்டார். பெரியம்மாவுக்கு 74. “அப்ப நான் ரெண்டு வருஷம் களவா இருக்கிறனா?” என்று கேட்டா. சிரிப்புத்தான், ஆனால் எனக்கும் விளங்கவில்லை. இங்கிருந்து ஒபரேஷனுக்குச் சென்னைக்குப் போகிறார்கள், அப்படியிருக்க எட்டு வருட வித்தியாசம் எப்படி?

களுவாஞ்சிக்குடி கணக்கு வாத்தி:
களவு ஒன்றுமில்லை என்று பெரியம்மாவிடம் சொல்லுங்கள். 72 என்பது இன்றைக்குப் பிறக்கிற பிள்ளைக்கான கணக்கு, அதில் ஒரு வயதுக்குள் போன குழந்தையும் பிள்ளைப்பேற்றில் போன தாயும் சேர்த்தி. 60ஐத் தாண்டினவ அந்தக் கண்டமெல்லாம் தப்பி வந்தவ, அவவுக்கு வேறு கணக்கு. 60 வயது இந்தியப் பெண்ணுக்கு இன்னும் 19 வருடத்துக்குக் கிட்ட, இலங்கையில் 22, 23. எட்டாக இருந்த வித்தியாசம் பாதியாகிவிட்டது பாருங்கள். மறுகா, இந்தியாவை ஒரே சாக்கில் கட்டக்கூடாது. கேரளத்துப் பெண்களுக்கு 78 அளவில் வரும், உத்தரப் பிரதேசத்தில் 70கூட இல்லை. தமிழ்நாடு கேரளத்துக்குக் கொஞ்சம் கீழே.

திருக்கோவில் மிட்வைஃப் (பென்ஷன்):
பிள்ளை, சென்னையில் நெஞ்சைத் திறந்து ஒபரேஷன் செய்கிறவர்களால் ஒரு நாட்டின் சராசரி கூடுவதில்லை. 1946இல் இங்கே பெண்ணின் ஆயுள் 42ஐத் தொடவில்லை, ஆணைவிடக் குறைவு. 60களில்தான் பெண் முந்தினாள், இந்தியாவில் அதற்கு 80கள் வரை போனது. மலேரியாவுக்கு டிடிடி நுளம்பு மருந்து அடித்தார்கள், பெண் பிள்ளைகள் காசில்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள், அப்புறம் எங்களைப் போன்றவர்கள் வயல் வரம்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். மாமரக் கிளையில் தராசைக் கட்டி, பிள்ளையைத் தொங்கவிட்டு நிறுத்தால் அது வீறிட்டுக் கத்தும், தாய்க்காரி எங்களை ஏசுவா. அந்தத் தாய்மார்தான் இப்போது கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்து என்னை நலம் விசாரிக்கிறார்கள். கர்ப்பிணி ஒருத்தியை எட்டாம் மாதத்திலேயே கால் வீக்கம் பார்த்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டால் அவ கிழவியாவா. அவ்வளவுதான் விசயம்.

நிந்தவூர் கடற்கரை:
மிட்வைஃப் அக்கா சொன்னது சரி, ஆனால் 80 என்று மார்தட்டுகிறவர்கள் ஒரு கிளினிக் நாளையும் பார்க்க வேண்டும். எங்கட உம்மாவுக்கு 81. விடியச் சுபஹு தொழுதுவிட்டு சொப்பிங் பேக்கில் கிளினிக் கொப்பியையும் பழைய மாத்திரை மட்டையையும் போட்டுக்கொண்டு நம்பர் எடுக்கப் போவா, வீடு திரும்ப மத்தியானம் லுஹர் தொழுகை நேரம் ஆகும். மாத்திரை இலவசம்தான். 2022இல் அதுவும் இல்லாமல் பிரஷர் மாத்திரையை வெளியே அஞ்சு அஞ்சாக வாங்கினோம், உம்மா நமக்குத் தெரியாமல் ஒன்றைப் பாதியாக முறித்து ரெண்டு நாளைக்கு ஓட்டியிருக்கிறா. கூட நாள் இருப்பது ஒன்று, முழங்கால் நோவாமல் இருப்பது வேறு. சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மவுத்து, பெண்களும் பிள்ளைகளும்தான் கூட. நாட்டுச் சராசரியில் எங்கட கரை தனியாகத் தெரியாது.

கல்லடிப் பாலத்தடி:
எல்லாருக்கும் நன்றி. வாத்தியார், 60ஓடு 19 கூட்டினால் 79, அப்ப பெரியம்மாவுக்கு அஞ்சே வருடமா?

களுவாஞ்சிக்குடி கணக்கு வாத்தி:
இல்லை இல்லை. 74க்குப் புதிதாக ஒரு கணக்கு இருக்கிறது, அதில் 79ஐத் தாண்டித்தான் வரும். இருக்க இருக்க எல்லை தள்ளிப்போகும்.

கல்லடிப் பாலத்தடி:
வாசித்துக் காட்டினேன். “அப்ப கல்லடிக்கு வந்து இருந்தால் அந்த மூணு நாலு வருஷமும் எனக்குக் கிடைக்குமா?” என்று கேட்கிறா. அம்மா இப்போதே அறையைக் கூட்டத் தொடங்கிவிட்டா.